இணைப்பு: தாய் ஒன்று

மும்பை செந்தமிழ்ப் புண்ணிய யாத்திரைப் பேரவை பதினேழு வருஷமாகத் தமிழர்களைக் கோதாவரிக்கு அழைத்துப் போகிறது. அழைத்துப் போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஒவ்வொரு வருஷத்துக்கும் புகைப்படம் இருக்கிறது. போனவர்களில் எத்தனை பேர் கோதாவரியில் குளித்தார்கள் என்பது வேறு விஷயம். ஆண்டறிக்கையில் அதற்கென்று இடம் ஒதுக்கப்படவில்லை.

பேரவைக்குச் செம்பூரில் ஓர் அலுவலகம் உண்டு. ஒரு தலைவர், நான்கு துணைத் தலைவர்கள், ஒரு பொதுச் செயலாளர், அவருக்குக் கீழே ஆறு செயலாளர்கள், முலுண்ட், சுனாபட்டி, கோபர்கைரனே என்று மூன்று கிளைகள், கிளைக்கொரு தலைவர். இவர்கள் போக மிஞ்சியவர்கள் உறுப்பினர்கள். உறுப்பினர்களுக்கும் கீழே ஒரு படி இருந்தது. தாராவியில் பை தைக்கும் சொரிமுத்து அந்தப் படியில்தான் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தான்.

யாத்திரை போகிறவர்களுக்குப் பேரவை ஒரு பை கொடுக்கும். ஒரு பக்கம் தலைவர் பிரம்மநாயகத்தின் படம். மறுபக்கம், முந்தின வருஷ யாத்திரையின் மிகச் சிறந்த புகைப்படம். அந்தப் பைகளைத் தைத்துத் தருவது சொரிமுத்துவின் கார்கானா. கார்கானா என்றால் ஏதோ பெரிய ஆலை என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று மெஷின், ஒரு ஃபேன், ஏறிப் படுக்க ஒரு பரண். அவன் தைத்த பையில் பல்லைக் காட்டிக்கொண்டு பொன்னாடை போர்த்துகிறவர்களையும் போர்த்திக்கொள்கிறவர்களையும் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, அவனுக்குள் ஓர் ஆசை வந்து குடியேறிவிட்டது. வெளியே சொல்ல முடியாத ஆசை. அவனையும் ஒருநாள் யாராவது மேடையில் ஏற்றி ஒரு பொன்னாடை போர்த்த மாட்டார்களா என்பதுதான் அது.

அவன் அம்மா மீனாட்சியம்மாளுக்கும் ஓர் ஆசை இருந்தது. அவள் அதை வெளியே சொன்னாள். மாட்டுங்காவில் முப்பது வருஷம் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தவள் அவள். அந்த வீட்டுக்காரர்கள் நாசிக்குப் போய்விட்டு வந்தால் அவள் கையிலும் ஒரு சொட்டுக் கோதாவரித் தீர்த்தம் விடுவார்கள். அதிலிருந்து பிடித்துக்கொண்டது.

"ஏல, நாசிக்கு இங்கேருந்து எம்புட்டுத் தூரம்?"

"நாலு மணி நேரம்மா."

"அப்பம் காலையில போனா ராத்திரிக்குத் திரும்பிருலாம்லா?"

"திரும்பிருலாம். இந்த ஆர்டர் முடியட்டும்."

ஆர்டர் முடியவில்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது வந்தது. பதினெட்டு வருஷம் வந்துகொண்டே இருந்தது. ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மீனாட்சியம்மாள் முடிந்துபோனாள். சயான் சுடுகாட்டில் எரித்து, அஸ்தியை ஒரு பித்தளைச் செம்பில் வாங்கி வந்து, வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று கார்கானா வாசலில் ஆணி அடித்துத் தொங்கவிட்டான். தினமும் ஷட்டரைத் தூக்கும்போது செம்பு தலையில் இடித்தது.

மகள் இசக்கிசெல்விதான் சொன்னாள். சயானில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அப்பா, காலையில ட்ரெயின் ஏறுனா பத்து மணிக்கு நாசிக். ஆச்சிய கரைச்சிட்டு ஷாம் கோ வாபஸ், இருட்டுமுன்ன வீட்டுக்கு வந்துரலாம். சிம்பிள்."

"அப்படில்லாம் பொசுக்குனு போயிர முடியாதுட்டி. முறைன்னு ஒண்ணு இருக்கு. பேரவை வண்டி மூணு வாரத்துல போவுது. அவங்களுக்குத்தான் மந்திரம், மாயம் எல்லாம் தெரியும்."

முறையும் இல்லை, மந்திரமும் இல்லை. உண்மை காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தது. பிரம்மநாயகம் அண்ணாச்சி முந்தின நாள்தான் போன் பண்ணி, "இந்தத் தடவ ஒமக்குப் பொன்னாடை உண்டுவே" என்று சொல்லியிருந்தார். அழைப்பிதழும் வந்துவிட்டது. அதில் இருபத்தேழாவது வரியில் 'உழைப்பாளர் திரு. சொரிமுத்து' என்று அச்சாகியிருந்தது. தன் பேருக்கு முன்னால் ஒரு 'திரு'வை அவன் ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாகப் பார்த்தான். அந்தத் திருவுக்காக அம்மாவை இன்னும் மூன்று வாரம் ஆணியில் தொங்கவிட்டான்.

*

பதிவு செய்யச் செம்பூர் அலுவலகத்துக்குப் போனபோது பொதுச் செயலாளர் சுப்ரமணியன் மேசைக்குப் பின்னால் இருந்தார். முப்பத்தாறு வருஷம் ஏதோ அரசாங்க ஆபீசில் கோப்பு பார்த்து ரிட்டயர் ஆனவர். கோப்புகள் அவரை விட்டாலும் அவர் கோப்புகளை விடவில்லை.

"கூட யார் வரா?"

"எம் பொண்ணு சார். அப்புறம் அம்மா."

"அம்மாக்கு வயசு?"

"அம்மா தவறிட்டாங்க சார். அஸ்தி."

சுப்ரமணியன் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு சிக்கலைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில் மெல்லப் பரவியது.

"பாருங்கோ சொரிமுத்து. ஆளா இருந்தா சீட் நம்பர் போடணும். அஸ்திக்கு சீட் நம்பர் போட்டா நாளைக்கு ஆடிட்ல கேப்பா. சரி, லக்கேஜ்னு போடலாம்னா, லக்கேஜ் பஸ்ஸுக்குக் கீழ போயிடும். பெத்த தாயாரை டிக்கில போடறது பேரவையோட பண்பாட்டுக்குச் சரியா வராது."

"மடியில வச்சுக்கிடுதேன் சார்."

"மடி ரூல்ல இல்லை."

பத்து நிமிஷம் யோசித்தார். பிறகு படிவத்தின் அடியில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அழகான கையெழுத்தில் எழுதினார். 'இணைப்பு: தாய் (1).' எழுதியதைத் தள்ளி வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

"ஆனா ஒண்ணு. ஒரு விண்ணப்பத்துக்கு ஓர் இணைப்புதான். அதனால உங்க பொண்ணு வர முடியாது."

பேரவை வெளியிட்ட இருபத்தொரு விதிகளையும் அவன் கையில் கொடுத்தார். பதினான்காம் விதியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் காட்டினார். 'அஸ்தி கொண்டுவருவோர் அதனைச் செம்பில் இட்டு, பார்வைக்கு மங்களகரமாக இருக்கும்பொருட்டு, சிவப்புப் பட்டுத் துணி சுற்றி, சரிகை நாடா கட்டி எடுத்துவர வேண்டும். புகைப்படத்தில் துக்கம் தெரியலாகாது.'

சொரிமுத்து அப்படியே செய்தான். சரிகை நாடா மட்டும் அவனுக்கு நம்பிக்கை தரவில்லை. பஸ் குலுக்கலில் அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் நாடாவுக்குக் கீழே, பை வாருக்குப் போடுகிற கறுப்பு மெழுகு நூலால் மூன்று சுற்றுச் சுற்றி, இழுத்து, நுனியை உள்ளே திருப்பி முடிச்சுப் போட்டான். அது அவன் கார்கானா முடிச்சு. வேறு யாருக்கும் வராது. பை கிழிந்தாலும் முடிச்சு அவிழாது என்று வியாபாரிகள் சொல்வார்கள். இசக்கிசெல்விக்குச் சின்ன வயதிலேயே அதைச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குச் செம்பூரில் பஸ்ஸைக் கொடியசைத்து வழியனுப்பினார்கள். வழியனுப்பியவர்களே பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். முலுண்டில் கிளைத் தலைவர் கோபித்துக்கொள்வார் என்பதால் எல்லாரும் இறங்கி, அங்கே இன்னொரு தடவை கொடியசைத்து, இன்னொரு தடவை ஏறினார்கள். கோபர்கைரனே கிளைத் தலைவர் தனக்குக் கொடி தரவில்லை என்று தனிக் காரில் முன்னாலேயே போய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்த வழியில் ஒரு தாபாவில் நிறுத்தி ஒரு மணி நேரம் போனில் பேசினார்கள். சொரிமுத்து மடியில் செம்பை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். விதியில் மடி இல்லாததால் பையால் மறைத்து வைத்திருந்தான். கசாரா மலை ஏறும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் பையை விலக்கிச் செம்பை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தான். மழை நின்று மலையெல்லாம் பச்சையாகக் கிடந்தது.

நாசிக் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. ஆற்றங்கரைக்கு எதிரிலேயே ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். மண்டபத்தின் பெரிய ஜன்னலைத் திறந்தால் கோதாவரி முழுசாகத் தெரியும். வெயில் அடித்தால் புகைப்படம் கெட்டுவிடும் என்று அந்த ஜன்னலை மூடி, அதன்மேல் நாற்பதடி ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஃபிளெக்ஸிலும் கோதாவரிதான். நல்ல நீலமாக, பின்னால் பனி மூடிய மலைகளோடு ஓடிக்கொண்டிருந்தது.

"நீராடல் எப்பம் சார்?" என்று சொரிமுத்து கேட்டான்.

"நிகழ்ச்சி நிரல்ல கடைசி ஐட்டம். நேரம் இருந்தா."

தண்ணீர் குடிக்கிற சாக்கில் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான். படித்துறையில் ஒரு மராத்திக் குடும்பம் இறங்கிக்கொண்டிருந்தது. மொட்டை போட்ட ஒருவர் மண்பானையோடு தண்ணீருக்குள் போனார். பண்டிதர் ஏதோ சொன்னார், இவர் திருப்பிச் சொன்னார், பானையைக் கவிழ்த்தார், மூழ்கினார், அழுதார், கரையேறினார். மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும். அவர் மனைவி துண்டை நீட்டினாள். சொரிமுத்து செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பார்த்தபடி நின்றான். நாலு எட்டு வைத்தால் ஆறு. இப்போதே போய்விடலாம், யார் தடுக்கப்போகிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது உள்ளே ஒலிபெருக்கியில், "பொன்னாடை பெறுவோர் முன்வரிசையில் அமரவும்" என்று சொன்னார்கள். அவன் உள்ளே போய் முன்வரிசையில் அமர்ந்தான்.

செம்பை மடியில் வைத்து உட்கார முடியவில்லை. முன்வரிசை புகைப்படத்தில் வரும் என்று ஒரு தொண்டர் அதை வாங்கிக்கொண்டுபோய், மேடைக்குப் பின்னால் 'இணைப்புகள்' என்று எழுதி ஒட்டிய மேசையில் வைத்தார். பக்கத்தில் 'நினைவுப் பரிசுகள்' என்று இன்னொரு மேசை. அதில் இந்த வருஷப் பரிசான கோதாவரிக் கலசங்கள் எட்டு இருந்தன. கோதாவரித் தண்ணீர் நிரப்பிய பித்தளைச் செம்பு, சிவப்புப் பட்டு, சரிகை நாடா. பதினான்காம் விதியை எழுதிய சுப்ரமணியனுக்கே அந்த அமைப்பு மிகவும் பிடித்துப்போய்ப் பரிசுக்கும் அதையே ஏற்பாடு செய்திருந்தார். பன்னிரண்டரை மணிக்குப் பாயசத்துக்கு ஒரு மேசை தேவைப்பட்டது. இரண்டு மேசையில் இருந்ததையும் ஒரே மேசையில் அடுக்கினார்கள்.

இறைவணக்கம் முடிந்து, வரவேற்புரை முடிந்து, வரவேற்புரையில் பெயர் விட்டுப்போனவர்களுக்கான துணை வரவேற்புரையும் முடிந்தது. பிரம்மநாயகம் எழுந்தார். லாரி உதிரிபாகக் கடையில் நிற்கும்போது அவர் பேசுவது திருநெல்வேலிப் பேச்சு. மைக் கிடைத்துவிட்டால் பேச்சே வேறு.

"அன்புப் பெரியோர்களே! இந்தப் புனித நதிக்கு நான் பதினேழு முறை வந்திருக்கிறேன். பதினேழு முறையும் என் கால் இந்த நதியில் பட்டதில்லை!" கைதட்டல். "ஏன் படவில்லை? மேடையை விட்டு இறங்க எனக்கு நேரமில்லை!" பலத்த கைதட்டல். "சுயநலவாதி குளிப்பான். தன் பாவத்தைக் கரைத்துவிட்டு வீட்டைப் பார்க்கப் போய்விடுவான். பொதுநலவாதி என்ன செய்வான்? நதியைப் பற்றி எடுத்துச் சொல்வான்! என் பாவங்கள் அத்தனையும் இன்னும் என்னிடமே இருக்கின்றன என்பதை இந்த அவைக்குப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்!"

எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். சொரிமுத்துவும் தட்டினான்.

பிறகு பொன்னாடை. போர்த்தப்பட வேண்டியவர்கள் நாற்பத்தொரு பேர், ஆடைகள் பத்து. இடப்பக்கப் படியில் இறங்குகிறவரின் தோளிலிருந்து ஒரு தொண்டர் பக்குவமாக உருவி, வலப்பக்கம் கொண்டுபோய் மறுபடி மேடையேற்றிக்கொண்டிருந்தார். இரண்டரை மணிக்கு இருபத்தேழாவது பேராகத் திரு. சொரிமுத்து அழைக்கப்பட்டான்.

தோளில் ஆடை விழுந்தது. ஏற்கெனவே இரண்டு பேரின் வியர்வையில் நனைந்திருந்தாலும் அது சரிகைதான். கீழே நூற்றைம்பது முகங்கள். பிரம்மநாயகம் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, "தாராவியின் குடிசையிலே ஊசியும் நூலுமாக உழைத்து" என்று ஆரம்பித்தார். சொரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைப் பற்றி இவ்வளவு இருக்கிறதா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த நேரத்தில் சுப்ரமணியன் ஓடிவந்து தலைவரின் காதில் ஏதோ சொன்னார். சிறப்பு விருந்தினர், மாட்டுங்கா பஜனை மண்டலித் தலைவி திருமதி விசாலாக்ஷி, இன்னொரு விழாவுக்குப் போக வேண்டுமாம். உடனே கிளம்புகிறாராம். பிரம்மநாயகம் அசரவில்லை.

"இதோ, இந்த உழைப்பாளியின் திருக்கரத்தாலேயே நம் சிறப்பு விருந்தினருக்குக் கோதாவரிக் கலசத்தை வழங்கச் செய்வோம்!"

யாரோ பின்னாலிருந்து ஒரு செம்பை அவன் கையில் திணித்தார்கள். வாங்கின உடனேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் அலம்பவில்லை. கனமும் இல்லை. பெருவிரல் தானாகவே சரிகை நாடாவுக்குக் கீழே போய், மெழுகு நூலின் முடிச்சில் நின்றது. மூன்று சுற்று, ஒரு இழுப்பு, நுனி உள்ளே.

இது எங்கம்மா என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல்லில் முடிந்திருக்கும். மைக் ஒரு முழம் தள்ளி இருந்தது. ஆனால் எதிரே அந்த அம்மாள் பட்டுப்புடவையில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அஸ்தி என்று சொன்னால் அலறுவாள். சபை கலையும். தலைவரின் வாக்கியம் பாதியில் நிற்கும். தோளில் இருப்பதை உருவிக்கொள்வார்கள். போட்டோ எடுத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், ஒரே ஒரு போட்டோ என்று நினைத்தான்.

"அண்ணா, இங்க பாருங்க, ஸ்மைல்" என்றார் புகைப்படக்காரர்.

சொரிமுத்து சிரித்தான். சிரித்துக்கொண்டே அம்மாவைக் கொடுத்தான்.

*

விசாலாக்ஷியின் கார் போன பிறகுதான் அவன் சுப்ரமணியனிடம் விஷயத்தைச் சொன்னான். பாதியைத்தான் சொன்னான். தன் கையால் கொடுத்தபோதே தெரியும் என்பதை விட்டுவிட்டான். மேடைக்குப் பின்னால் அவசரச் செயற்குழு கூடியது.

"கொடுத்த நினைவுப் பரிசைத் திருப்பிக் கேக்கறது பேரவை மரபுல இல்லை" என்றார் சுப்ரமணியன்.

"வே, அவ மண்டலியில முந்நூறு பேரு இருக்காவ. அடுத்த வருசம் எல்லாரும் நம்ம வண்டிக்கு வாரதா இருக்கு" என்றார் பிரம்மநாயகம்.

ஆனாலும் பேரவைக்கு மனசாட்சி இருந்தது. மீனாட்சியம்மாளின் மறைவுக்கு இரங்கல் தெரிவித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். அரை நிமிஷம் மௌனம் அனுசரித்தார்கள். நேரமின்மையால் முழு நிமிஷம் முடியவில்லை. விசாலாக்ஷிக்குச் சேர வேண்டிய கலசம் மேசையில் மிச்சம் இருந்தது. சுப்ரமணியனுக்கு வழி புலப்பட்டது.

"இதைக் கொண்டுபோய்க் கரைச்சுடலாம். ஆத்து ஜலத்தை ஆத்துலயே விடறதுல சாஸ்திர தோஷம் ஒண்ணும் இல்லை. இணைப்பு ஒண்ணு வந்தது, இணைப்பு ஒண்ணு கரைஞ்சது. ரெக்கார்டும் சரியாயிடும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "சரி சார்" என்றான்.

ஆக, அன்றைய தினம் பேரவையிலிருந்து கோதாவரிக் கரைக்குப் போனது ஐந்தே பேர். தலைவர், பொதுச் செயலாளர், ஒரு புரோகிதர், புகைப்படக்காரர், சொரிமுத்து. தலைவர் கடைசிப் படிக்கு நான்கு படி மேலேயே நின்றுகொண்டார். புரோகிதர் மந்திரம் சொல்ல, புகைப்படக்காரர் "இன்னும் கொஞ்சம் சாய்ங்க" என்று சொல்ல, சொரிமுத்து முழங்கால் தண்ணீரில் நின்று, கோதாவரித் தண்ணீரைக் கோதாவரியில் ஊற்றினான். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்துக் கைகூப்பினார். அந்தக் கும்பிடு அவனைச் செருப்பால் அடித்தது போல இருந்தது.

மற்றவர்களுக்கு நீராட நேரம் இல்லை. பேரவை அதையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தது. பஸ் கிளம்பியதும் ஒரு தொண்டர், சலூன்காரர் தலையில் அடிக்கும் குப்பியில் கோதாவரித் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, இருக்கை இருக்கையாக வந்து எல்லார் மேலும் இரண்டு தடவை பீய்ச்சினார். அடையாள நீராடல் இனிதே நிறைவுற்றது.

*

"மேசையில மாறிப்போச்சு. யாரோ எடுத்து அந்தம்மாகிட்ட குடுத்துட்டாங்க. நான் கீழ உக்காந்திருந்தேன்" என்று மகளிடம் சொன்னான்.

இசக்கிசெல்வி பேரவையை அரை மணி நேரம் இந்தியில் திட்டினாள். அவனைத் திட்டவில்லை. "பாவம்ப்பா நீங்க" என்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவனால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை அப்பனும் மகளும் மாட்டுங்காவுக்குப் போனார்கள். காலிக் கலசம் அவன் பையில் இருந்தது. ஸ்டேஷன் வாசல் குழாயில் அதை நிரப்பி, பட்டைச் சுற்றி, சரிகை நாடா கட்டினான். இசக்கிசெல்வி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

விசாலாக்ஷி நல்ல மாதிரியாகத்தான் வரவேற்றாள். "உள்ள வாங்கோ, உள்ள வாங்கோ" என்றாள். சொரிமுத்து வாசல் மிதியடியிலேயே நின்றுகொண்டான்.

"பேரவையிலேருந்து வாரோம்மா. நேத்து உங்களுக்குக் குடுத்தது கிளை ஆபீசுக்கு உள்ளது. இதுதான் உங்களுக்கு உள்ளது. நடுஆத்துல மோந்தது."

"அப்படியா? நான் காலம்பறயே புஷ்பம் சாத்தி, கற்பூரம் காட்டிட்டேனே."

கதவு திறந்திருந்த பூஜை அறை அங்கிருந்தே தெரிந்தது. வெள்ளி விளக்குக்குப் பக்கத்தில், சாமிப் படங்களுக்கு முன்னால், மல்லிகைச் சரம் சுற்றி, குங்குமம் வைத்து, மீனாட்சியம்மாள் இருந்தாள். இதே தெருவில் முப்பது வருஷம் பின்படிக்கட்டால் ஏறி, பாத்திரம் கழுவுகிற மோரி வரைக்கும் வந்து திரும்பிப் போனவள். இப்போதும் அந்தப் பக்கமிருந்து பாத்திரச் சத்தம் கேட்டது. "வந்தனா, பூஜை ரூம் பக்கம் வராதே, நான் எடுக்கறேன்" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, விசாலாக்ஷி தானே போய்ச் செம்பை எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

புதுக் கலசத்தைப் பிரித்து, ஓர் உத்தரணிக் கரண்டி தண்ணீர் எடுத்து, தன் தலையில் தெளித்துக்கொண்டாள். "நீங்களும் எடுத்துக்கோங்கோ" என்று அவன் கையிலும் விட்டாள். சொரிமுத்து பயபக்தியோடு வாங்கிக் குடித்தான். குழாய்த் தண்ணீர் நல்ல குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

*

புதன்கிழமை காலை ரயிலில் போனார்கள். பத்து மணிக்கு நாசிக். பண்டிதர் அம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னான். பெருவிரலால் தடவி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். ஈர விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. இசக்கிசெல்விதான் நுனியை வெளியே எடுத்து, ஒரே இழுப்பில் அவிழ்த்துக் கொடுத்தாள். சாம்பல் கொஞ்ச நேரம் மேலே மிதந்துவிட்டுப் போய்விட்டது. எல்லாம் பத்து நிமிஷம். பதினெட்டு வருஷமாக அவனிடம் இல்லாத பத்து நிமிஷம் அது. மகள் மூன்று முறை முங்கி எழுந்து, "அப்பா, ஆச்சி குஷ் ஆயிருப்பா" என்று ஈரத்தோடு சிரித்தாள். இடுப்புத் தண்ணீரில் நின்ற அவனுக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. கரையேறித் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அடுத்த ஜூலையில் பேரவையிலிருந்து ஆர்டர் வந்தது. விசாலாக்ஷியின் மண்டலியும் சேர்ந்துகொண்டதால் இந்தத் தடவை நானூற்றைம்பது பை. பிரிண்ட் போட்ட துணிக்கட்டுகளை டெம்போவில் இறக்கிவிட்டுச் சுப்ரமணியன் போன் பண்ணினார்.

"சொரிமுத்து, இந்த வருஷம் சிறந்த புகைப்படம் யாரோடது தெரியுமோ? செயற்குழு ஏகமனதா தேர்ந்தெடுத்தது. நல்ல கிளியர் பிக்சர். பெரிசா போடச் சொல்லியிருக்கேன்."

கட்டை அவிழ்க்க அவனுக்கு இரண்டு நாள் ஆனது. தொழில் என்று வந்தால் அவிழ்த்துத்தானே ஆக வேண்டும். அவிழ்த்தான், வெட்டினான், தைக்க ஆரம்பித்தான். மகள் கடைக்குப் போன பிறகு தைத்து, வருமுன் அடுக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தான். நான்காவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மிச்ச நூல் வெட்டித் தருகிறேன் என்று இசக்கிசெல்வி கத்திரியோடு வந்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

முதல் பையைத் திருப்பினாள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் படம். பொன்னாடையோடு அப்பா, எதிரே அந்த அம்மாள், நடுவில் செம்பு. கொஞ்ச நேரம் பார்த்தாள். படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"நீங்க கீழ உக்காந்திருந்தேன்னீங்க."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, உங்க பெருவிரல் முடிச்சு மேல இருக்கு."

அவன் மெஷினை நிறுத்தினான். அதற்கு மேல் ஒளிக்க இடம் இல்லை.

"ஆமா. தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டவில்லை. குனிந்து அந்தப் பையின் நூலை வெட்டி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பையை எடுத்தாள். இன்னும் முந்நூற்றுச் சொச்சம் பை பாக்கி இருந்தது. ஒவ்வொன்றிலும் அவன் சிரித்துக்கொண்டே அம்மாவைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.